கிள்ளான் பந்தயத்துக்கு ஒரு விரதம்

கிள்ளான் ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம், ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் நின்றுகொண்டிருந்தேன். பந்தயம் முடிந்துவிட்டிருந்தது.

முதலில் ஓடி வந்த பஞ்சாபிப் போலீஸ்காரர் முகம் கழுவி, தலைப்பாகையைத் திருத்திக் கட்டிக்கொண்டு சர்பத் குடித்துக்கொண்டிருந்தார். பேண்டு வாசித்தவர்கள் வாத்தியங்களைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். கூடாரத்துக் கயிற்றை இரண்டு பேர் அவிழ்க்கத் தொடங்கிவிட்டார்கள். வெயில் கொளுத்தியது. ஆற்றுச் சேற்று நாற்றமும் எங்கிருந்தோ கருவாட்டு நாற்றமும் சேர்ந்து வந்து எனக்குக் குமட்டியது. நான் அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி.

இரண்டு பேர் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. ஒருவர் என் வீட்டுக்காரர் கதிரேசன். இன்னொருவர் ரயில்வேயில் அவரோடு ஒரே கேங்கில் வேலை பார்த்த முனியாண்டி அண்ணன்.

"இவனுங்க வர்ற வரைக்கும் நாம நிக்கணுமா? நாளைக்கு வந்து சேருவானுங்க" என்று யாரோ சொல்ல, சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்த ஆளை ஓங்கி ஓர் அறை விட வேண்டும்போல் இருந்தது எனக்கு. கோப்பை யாருக்கு வேண்டும்? எங்களுக்கு அந்தப் பந்தயத்தில் இரண்டே பேர்தான் ஓடினார்கள். அவர்களில் முன்னால் வருகிறவருக்கு வேலை. பின்னால் வருகிறவருக்குக் கப்பல்.

"ஆஸ்பத்திரிக் கதையாகவே எழுதுகிறீர்களே, உங்கள் வீட்டுக்காரர் என்ன ஆனார்?" என்று செந்தூலிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். பத்திரிகை ஆசிரியரும் நாலைந்து வாரமாக என்னை அரித்துக்கொண்டிருக்கிறார். சரி, எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு யாரும் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு ஆறுதல் சொல்ல வர வேண்டாம். எனக்கு ஆரஞ்சு ஆகாது.

தண்டவாளத்தில் நடப்பவர்கள்

அப்போது நாங்கள் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவாட்டர்ஸில் குடியிருந்தோம். வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள். பக்கத்து வீட்டில் இருமினால் நம் வீட்டில் தூக்கம் கலையும். சரக்கு வண்டி போனால் அலமாரியில் தட்டுகள் தாளம் போடும்.

என் வீட்டுக்காரரின் வேலை நடப்பது. தோளில் ஒரு நீண்ட சுத்தியல், இடுப்பில் ஒரு ஸ்பேனர். தினமும் தண்டவாளத்தோடு நடந்து போய், எங்கே ஆப்பு கழன்றிருக்கிறது, எங்கே நட்டு தளர்ந்திருக்கிறது என்று பார்த்துத் தட்டிச் சரி செய்துகொண்டே திரும்ப வேண்டும். அவர் ஒரு பக்கம், முனியாண்டி அண்ணன் இன்னொரு பக்கம். மழையானாலும் வெயிலானாலும் அந்த நடை நிற்காது. இரண்டு பேருக்கும் கெண்டைக்கால் கருங்கல் மாதிரி இருக்கும்.

ரப்பர் விலை விழுந்த காலம் அது. முதலில் தோட்டங்களில் ஆள் குறைத்தார்கள். பிறகு அது டவுனுக்கும் வந்தது. வேலை போனவர்களுக்கு டிக்கெட் இலவசம், கப்பலில் சோறும் இலவசம், நாகப்பட்டினத்தில் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். அதற்குப் பெயர் "ஊருக்கு அனுப்புவது". நான் பிறந்தது ஜெஞ்சாரோம் பக்கம் ஒரு தோட்டத்தில். என் தாய் தகப்பன் அங்கேயே காய்ச்சலில் போய்விட்டார்கள். எனக்கு எந்த ஊர்? கதிரேசனும் கைக்குழந்தையாகக் கப்பலில் வந்தவர்தான். ஊர்ப் பெயரைச் சொல்லக் கேட்டால் இரண்டு ஊர் சொல்லுவார். எது சரி என்று அவருக்கே தெரியாது.

அவர்கள் கேங்குக்கு மேலதிகாரியாக ஒரு வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் இருந்தார். எங்களுக்கு அவர் துரை. வாலிபத்தில் தன் சீமையில் நெடுந்தூரம் ஓடியவராம். கேங்கில் ஆள் குறைக்கச் சொல்லி உத்தரவு வந்தபோது, நடக்கிற வேலைக்கு இரண்டு பேரில் ஒருவரைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்று ஆகிவிட்டது. இரண்டு பேரும் நல்ல வேலைக்காரர்கள். யாரைக் கழிப்பது என்று துரைக்கு மனசு வரவில்லை. அதனால் அவர் ஒரு நியாயம் கண்டுபிடித்தார்.

சித்திரை பிறப்பதற்கு முன் பத்துத் திகா என்ற ஊரிலிருந்து கிள்ளான் வரை ஓட்டப் பந்தயம் நடக்கப்போகிறது. பத்து மைலுக்குச் சற்றுக் குறைவு. ரயில்வேயின் பேரில் இரண்டு பேரும் ஓடட்டும். முன்னால் வருகிறவன் இருக்கட்டும்.

ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி இதைத் தமிழில் சொன்னபோது இரண்டு பேரும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டார்கள். சேவல் சண்டை விடுகிறவன்கூட சேவலுக்குத் தீனி போட்டுத்தான் விடுவான். துரையும் ஒன்று போட்டார். எப்படிப் பழக வேண்டும் என்று யோசனை சொன்னார்.

மணல் குப்பி

துரை சொன்ன யோசனை இதுதான். ஓட்டத்தில் முதல் எதிரி வேகம். எடுத்த எடுப்பில் பாய்கிறவன் பாதியில் படுப்பான். ஓடும்போது பக்கத்தில் வருகிறவனோடு பேச முடிய வேண்டும். பேச்சு திணறினால் வேகம் அதிகம் என்று அர்த்தம். ஓடி முடித்தவுடன் நாடியை எண்ணு. கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு மறுபடி எண்ணு. துடிப்பு மளமளவென்று இறங்கினால் நாளைக்குத் தூரத்தைக் கூட்டு. இறங்காவிட்டால் நாளைக்கு ஓடாதே, நட.

நல்ல யோசனைதான். நான் குறை சொல்லமாட்டேன். பிறகு எத்தனையோ டாக்டர்களிடம் கேட்டிருக்கிறேன், எல்லாரும் சரி என்றுதான் சொன்னார்கள்.

நாடி எண்ண எனக்குத் தெரியும். பெரிய ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டில் ஆயா வேலைக்குச் சேர்ந்து அப்போது மூன்று வருஷம் ஆகியிருந்தது. மிஸ்ஸி என்கிற நர்சுகள் நாடி பார்க்க அரை நிமிட மணல் குப்பி வைத்திருப்பார்கள். மேலே இருக்கிற மணல் கீழே இறங்கி முடிகிற வரை எண்ணி, இரண்டால் பெருக்க வேண்டும். சட்டம் உடைந்ததென்று ஒரு குப்பியைக் குப்பையில் போட்டார்கள். நான் எடுத்துக்கொண்டு வந்தேன். முதலில் அதில் எண்ணெய் ஊற்றி வைக்கலாமா என்றுதான் பார்த்தேன். நாலு பக்கமும் மூடியிருந்தது.

கல்யாணமாகி அதுவரை என் வீட்டுக்காரர் வெளியில் என் கையைப் பிடித்ததே கிடையாது. கோயிலுக்குப் போனாலும் பத்தடி முன்னால் நடப்பார். அப்படிப்பட்ட மனுஷன், தினமும் சாயங்காலம் வேர்வை சொட்டச் சொட்ட வந்து, வாசல் படியில் உட்கார்ந்து, வலது கையை என் மடியில் நீட்டிவிடுவார். நான் மூன்று விரல் வைத்து எண்ணுவேன். எண்ணி முடிக்கிற வரை பேசக் கூடாது என்று சட்டம் போட்டிருந்தேன். அவர் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்த நாட்களில் எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

முனியாண்டி அண்ணனும் கூடவே வருவார். இது எனக்கு முதலில் விளங்கவில்லை. ஒரே இடத்துக்கு அடித்துக்கொள்ளப் போகிற இரண்டு பேர் சேர்ந்து ஓடிப் பழகுவார்களா?

"பைத்தியமா உங்களுக்கு? இவரு மூச்சு எங்க வாங்குது, கால் எங்க தளருதுன்னு நீங்க பாத்துக்கிட்டே இருக்கீங்க. பந்தயத்துல அந்த இடத்துல முந்திட மாட்டீங்களா?" என்று கேட்டேன்.

"அவனும் என்னைப் பாக்கறான்ல தங்கச்சி. தனியா ஓடுனா வேகம் தெரியாது லா. பேச ஆள் வேணும்" என்றார் அவர்.

பேச்சுக்கு அவரிடம் பஞ்சமே இல்லை. கேங்குத் தலைவரான மண்டோர் தன் மனைவியோடு போட்ட சண்டை, பாசார்ச் சந்தையில் மீன்காரன் ஏமாற்றியது, மலாய்க் கிராமத்து எருமை தண்டவாளத்தில் படுத்துக்கொண்டு எழுந்திருக்க மறுத்தது என்று ஓடும்போதெல்லாம் கதை சொல்லிக்கொண்டே வருவார். என் வீட்டுக்காரர் "ம்" போட வேண்டும். "ம்" நின்றால் முனியாண்டி அண்ணன் வேகத்தைக் குறைப்பார். தந்திக் கம்பத்துக்குத் தந்திக் கம்பம் இத்தனை மூச்சு என்று கணக்கு வைத்து, அது கூடாமல் குறையாமல் ஓடப் பழகினார்கள். பக்கத்து வீட்டு அந்தோணி அண்ணன், ரயில்வே கார்டு, தன் சைக்கிளில் பின்னாலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்து, "ரெண்டு பேருக்கும் நாலு கால்னு தோணல, ஒரே ஆளுக்கு நாலு கால் மாதிரி ஓடறானுங்க" என்றார்.

இரண்டு பேரின் நாடியும் வாரத்துக்கு வாரம் இறங்கியது. ஓய்வாக இருக்கும்போது என் வீட்டுக்காரருக்கு அறுபதுக்கும் கீழே வந்தது. எண்ணிக்கையைச் சொன்னால் அவருக்குச் சிரிப்பு தாங்காது.

காப்பு

தைப்பூசத்துக்கு ஒரு மண்டலம் இருக்கும்போது அவர் முருகனுக்கு விரதம் எடுத்தார். வலது கையில் மஞ்சள் கயிற்றில் காப்புக் கட்டிக்கொண்டார். பந்தயத்தில் முன்னால் வர வேண்டும், பிள்ளை இந்த மண்ணில் பிறக்க வேண்டும் என்று வேண்டுதல்.

விரதம் என்றால் என்ன சாப்பாடு என்று நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். ஒருவேளைச் சோறு. கவிச்சி கிடையாது. புழுங்கலரிசி ஆகாது, பச்சரிசிதான். வேகவைத்து உலர்த்திய அரிசி சுத்தமில்லை என்பது பெரியவர்கள் கணக்கு. நாங்கள் எப்போதும் சாப்பிடுவது புழுங்கல். அதனால் சீனர் கடையில் சயாம் பச்சரிசி வாங்கினேன். மல்லிகைப் பூ மாதிரி தீட்டிய அரிசி. அதையும் தண்ணீர் தெளிகிற வரை கழுவிக் கழுவிக் களைந்து, தனிப் பானையில் வடித்தேன். எனக்குப் புழுங்கல் சோறும் கருவாட்டுக் குழம்பும் இன்னொரு பானையில்.

அவர் இன்னொன்றும் சேர்த்துக்கொண்டார். பருப்பு வாயு, ஓடும்போது விலாவில் பிடிக்கிறது என்று அதையும் விட்டார். வெறும் ரசம், உப்பு, ஒரு துண்டு வாழைக்காய். காலையிலும் மாலையிலும் சர்க்கரை போட்ட கடுங்காப்பி.

தைப்பூசம் வந்தது. பத்துமலைக்குப் போய்க் காவடி எடுத்துவிட்டு வந்தார். அன்றைக்குக் காப்பை அவிழ்த்திருக்க வேண்டும். அவர் அவிழ்க்கவில்லை. "ஓடி முடிச்சிட்டுத்தான் கழட்டுவேன். பாதியில இறக்கிவைக்க இது சுமை இல்ல பாக்கியம்" என்றார். பாக்கியம் என்பது நான்தான்.

முனியாண்டி அண்ணனும் காவடி எடுத்தவர். ஆனால் அவர் மறுநாளே காப்பை அவிழ்த்து, மீன் தலைக் குழம்போடு உட்கார்ந்துவிட்டார். "முருகனுக்கு நான் சொன்ன தவணை முடிஞ்சுது" என்றார். முருகன் அவரைக் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

"நம்மாளுக்கு வராது"

மாசியில் நாடி ஏறத் தொடங்கியது.

முதலில் நான் எண்ணியதைத்தான் சந்தேகப்பட்டேன். காப்புக் கயிற்றைத் தள்ளி வைத்துவிட்டு மறுபடி எண்ணினேன். அதே எண்ணிக்கை. ஓடி வந்து எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் துடிப்பு இறங்கவில்லை. துரை சொன்னபடி ஓட்டத்தை நிறுத்தி நடந்தார். நடந்தும் இறங்கவில்லை. பிறகு காலையில் பாயிலிருந்து எழுவதற்கு முன்பே எண்ணிப் பார்த்தேன். ஓடாத மனுஷனுக்கு ஓடினவன் நாடி.

கணுக்கால் வீங்கியது. செருப்பு வார் பதிந்த இடம் பள்ளமாகவே நின்றது. ஓட்டத்தால் வந்த வீக்கம் என்று நல்லெண்ணெய் தேய்த்தார்.

அடுத்து நடந்ததுதான் கொடுமை. ஒருநாள் ஓடிவிட்டு வந்து சந்தோஷமாக உட்கார்ந்தார். பாதத்தில் ஒரு சரளைக்கல் குத்தி ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அவருக்குத் தெரியவே இல்லை.

"பாத்தியா? காலு வலியே தெரியல. கல்லு மேல ஓடுனாலும் பஞ்சு மேல ஓடற மாதிரி இருக்கு. முருகன் வலியை எடுத்துட்டான்" என்றார். அக்கம்பக்கத்துப் பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அவருக்கு முகமெல்லாம் ஒளி. நான் துணியை நனைத்து ரத்தத்தைத் துடைத்துவிட்டேன்.

ஆனால் எனக்குள் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. எங்கள் ஆஸ்பத்திரியில் ஆண்கள் பக்கம் மூன்றாம் வார்டு என்று ஒன்று உண்டு. லம்பம் என்கிற ஈயச் சுரங்கத்தில் வேலை செய்யும் சீனர்கள்தான் அங்கே அதிகம். கால் வீங்கி, பாதம் மரத்து, மூச்சு வாங்கப் படுத்திருப்பார்கள். பெரிபெரி என்பார்கள். நல்ல திடகாத்திரமான வாலிபர்கள் படுத்த படுக்கையிலேயே மாரைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

எங்கள் வரிசை வீடுகளுக்குப் பக்கத்தில் ஒரு மருந்தகம் இருந்தது. அங்கே காயம் கட்டி மருந்து கொடுக்கிற டிரெஸ்ஸராக இருந்தவர் நம்மவர்தான். கோட்டுப் பையில் பவுண்டன் பேனா குத்திக்கொண்டு டாக்டரை விட விறைப்பாக நடப்பார். வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு அவரிடம் போனேன்.

"ஐயா, மூணாவது வார்டுல சீனங்களுக்கு இப்படித்தான் கால் வீங்குது. இது பெரிபெரியா இருக்குமா?"

அவர் சிரித்தார். "ஆயா வேலைக்குப் போனா டாக்டர் ஆயிட்ட மாதிரியா? அது சீனனுக்கு வர்ற வியாதிம்மா. இருபது வருஷமா இந்த வேலையில இருக்கேன். நம்மாளுக்கு வந்து நான் பாத்ததே இல்ல. நம்மாளுக்கு வராது."

"நாடி இறங்கலையே?"

"பந்தயம் கிட்ட வருது. வேலை போயிடுமோன்னு பயம். பயந்தவன் நாடி ஓடத்தான் செய்யும். கால்ல எண்ணெய் தேய்க்கச் சொல்லு."

அவர் சொன்னது பொய்யில்லை. தமிழர்களுக்கு அது வந்து யாரும் பார்த்ததில்லை. ஏன் வரவில்லை என்று மட்டும் அந்த மனுஷன் யோசித்துப் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரர் அவர் முன்னால்தான் நின்றார், மணிக்கட்டில் காப்பு தொங்கியது. "என்ன சாப்பிடுகிறாய்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவர்மேல் உள்ள கோபம் எனக்கு இன்றும் ஆறவில்லை. ஆற வேண்டும் என்ற ஆசையும் இல்லை.

பந்தயத்துக்கு முந்தின நாள் எண்ணினபோது, குப்பியில் மணல் ஓடின வேகத்தைவிட வேகமாக அவர் நாடி ஓடியது. என்னால் பின்தொடர முடியவில்லை. எண்ணிக்கை நடுவில் தவறிப்போய்விட்டது.

"ஓடாதீங்க. உங்க துரையே சொல்லியிருக்காரு, நாடி இறங்கலன்னா ஓடாதேன்னு" என்று அழுதேன்.

"ஓடலன்னா கப்பல் பாக்கியம்" என்றார். "மெதுவா ஓடறேன். முனியாண்டி கூட இருக்கான்ல."

பாலத்துக்கு இந்தப் பக்கம்

ரயில்வேக்காரர் மனைவி என்று எனக்குப் பாஸ் உண்டு. காலை வண்டியில் கிள்ளானுக்கு வந்து, பாலத்தருகில் காத்திருந்தேன். நான் பார்க்காத பகுதியை அந்தோணி அண்ணன் சொல்லித்தான் தெரியும். அவர் சைக்கிளில் கூடவே வந்தவர்.

முதல் நாலு மைல் இரண்டு பேரும் அளந்து வைத்த மாதிரி ஓடினார்களாம். முனியாண்டி அண்ணன் கதை சொன்னார், என் வீட்டுக்காரர் "ம்" போட்டார். பிறகு "ம்" நின்றது. முனியாண்டி அண்ணன் வேகத்தைக் குறைத்தார். இன்னும் குறைத்தார். "நீ போ, நீ போடா" என்று என் வீட்டுக்காரர் கையைக் காட்டினார். பந்தயம் பந்தயம்தானே. முனியாண்டி அண்ணன் போய்விட்டார்.

ஒரு மைலுக்கு மேல் முன்னால் போன பிறகுதான் அந்தோணி அண்ணன் சைக்கிளில் அவரை எட்டிப் பிடித்து, கதிரேசன் மைல்கல்லில் உட்கார்ந்துவிட்டான், எழுந்திருக்க மாட்டேன் என்கிறான் என்று சொல்லியிருக்கிறார். முனியாண்டி அண்ணன் நின்று, தலையைச் சொறிந்து, அசிங்கமாக ஏதோ திட்டிவிட்டுத் திரும்பி ஓடினாராம். கிள்ளான் பக்கம் போக வேண்டிய மனுஷன் பத்துத் திகா பக்கம் ஓடினார். எதிரே வந்தவர்களெல்லாம் வழி தெரியாதவன் என்று கூவினார்களாம்.

நான் அவர்களைப் பார்ப்பதற்கு முன்னால் குரலைத்தான் கேட்டேன். வளைவுக்கு அந்தப் பக்கம் முனியாண்டி அண்ணன் பேசிக்கொண்டே வந்தார். அதே எருமைக் கதை. "அது எழுந்திருக்கணுமே, எழுந்திருக்கல. மண்டோர் வாலைப் பிடிச்சு இழுக்கறாரு…" பதிலுக்கு "ம்" இல்லை. ஒரு குரல் மட்டும்தான் வந்தது.

பிறகு இரண்டு பேரும் தெரிந்தார்கள். என் வீட்டுக்காரர் உதடு நீலம் பாரித்திருந்தது. கால்களைத் தூக்கி வைக்காமல், தண்ணீருக்குள் நடக்கிறவர் மாதிரி வீசி வீசி வைத்தார். கழுத்து நரம்பு துடிப்பது எனக்குத் தூரத்திலேயே தெரிந்தது. முனியாண்டி அண்ணன் தொடவில்லை. தொட்டால் ஆட்டத்திலிருந்து தள்ளிவிடுவார்கள். பக்கத்தில் பேசிக்கொண்டே வந்தார்.

பந்தயம் முடிகிற கயிற்றுக்குப் பத்தடி இருக்கும். துரை கடிகாரத்தோடு நின்றார். அங்கே முனியாண்டி அண்ணன் ஓர் எட்டு தாமதித்தார். காலில் எதையோ தட்டிவிடுகிறவர் மாதிரி குனிந்தார். என் வீட்டுக்காரர் கயிற்றைத் தாண்டினார். பிறகு இவர் நிமிர்ந்து தாண்டினார்.

நான் பார்த்தேன். துரையும் பார்த்திருப்பார். கிராணியிடம் ஒரு பெயரைச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னார்.

என் வீட்டுக்காரர் புல்லில் உட்கார்ந்து, பழக்கத்தில் வலது கையை என் பக்கம் நீட்டினார். நான் பிடித்தேன். எண்ணவில்லை. எண்ணுவதற்குத் தனித்தனித் துடிப்பு இல்லை, நாடி ஒரே அதிர்வாக ஓடியது.

"முன்னால வந்துட்டேனா?" என்று கேட்டார்.

"வந்துட்டீங்க" என்றேன்.

மூன்றாம் வார்டு

மறுநாள் அவரை எங்கள் ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனேன். பெரிய டாக்டர் கட்டை விரலால் அவர் காலை அழுத்தினார். பள்ளம் விழுந்தது. முழங்காலுக்குக் கீழே ஒரு சின்னச் சுத்தியலால் தட்டினார். கால் அசையவே இல்லை. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, என்ன சாப்பாடு என்று கேட்டார்.

பச்சரிசிச் சோறு, ரசம் என்றேன். எத்தனை மாதமாக என்று கேட்டார். சொன்னேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. தமிழர்களைக் காப்பாற்றி வந்தது அந்தப் புழுங்கலரிசிதான், அதை நெல்லாகவே வேகவைக்கும்போது தவிட்டின் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது, தீட்டிய வெள்ளை அரிசியில் அது கிடையாது என்று பொறுமையாகச் சொன்னார். சத்து இல்லாமல் இருதயம் பெருத்துவிட்டது. பெருத்த இருதயத்தோடு ஓடியிருக்கிறார். மூன்றாம் வார்டில் படுக்கை போட்டார்கள். சுற்றிலும் சீனர்கள். நடுவில் இவர் ஒருவர்.

மருந்து என்று பெரிதாக ஒன்றுமில்லை. தவிட்டுச் சாறும், வேகவைத்த பச்சைப்பயறும். அவர் வாயைத் திறக்கவில்லை. ஆஸ்பத்திரிச் சமையல், மாட்டுச் சூப்பு காய்ச்சிய பாத்திரம், காப்பு இன்னும் கையில் இருக்கிறது, கோயிலில் பால் ஊற்றி அவிழ்க்கிற வரை தொடமாட்டேன் என்றார். பேச மூச்சில்லாத மனுஷன் அதை மட்டும் தெளிவாகச் சொன்னார்.

காயம் கட்டுகிற கத்தரிக்கோலை எடுத்து வந்து நான்தான் காப்பை வெட்டினேன். அவர் தடுக்கக் கையைத் தூக்கப் பார்த்தார், முடியவில்லை. பக்கத்துக் கட்டில் சீனக் கிழவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"முருகன் என்னைக் கேக்கட்டும். நான் பதில் சொல்லிக்கறேன். நீங்க தின்னுங்க" என்றேன்.

இரண்டு நாள் தின்றார். நான் ஊட்டினேன். முதல் நாள் சாயங்காலம் துடிப்பு கொஞ்சம் இறங்கினாற்போல் இருந்தது, எனக்கு உயிர் வந்தது. மூன்றாம் நாள் உச்சி வேளையில், பயற்றுக் கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு வந்து கையைப் பிடித்தேன். நாடி இல்லை.

மேலிடம்

பாடைக்கு முன்பக்கம் தோள் கொடுத்தவர் முனியாண்டி அண்ணன். அவருக்குக் கப்பல் அந்த வாரமே. வீட்டில் பானை சட்டியை விற்றுக்கொண்டிருந்தார்கள்.

காடாற்றின மறுநாளே நான் கிராணி ஆபீசுக்குப் போனேன். தாலி அறுத்தவள் இத்தனை சீக்கிரம் வெளியே கிளம்புவதா என்று வரிசை வீடு முழுவதும் வாயைப் பிளந்தது. பிளக்கட்டும்.

"எங்க வீட்டுக்காரரு போயிட்டாரு. அந்த வேலையை முனியாண்டி அண்ணனுக்குக் குடுங்க. அவருதான் நியாயமா முன்னால வந்திருக்கணும்" என்றேன்.

கிராணி நல்ல மனுஷன்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பேரு மேலிடத்துக்குப் போயிடுச்சும்மா. இருக்கறவன் பேரு கதிரேசன், போறவன் பேரு முனியாண்டி. செத்தவரு பேரை எடுக்கத் தனியா உத்தரவு வரணும். வந்தாலும் அந்த இடத்துல ஆள் சேக்க இன்னொரு உத்தரவு வரணும். அதுக்குள்ள கப்பல் போயிடும்."

துரையைப் பார்த்தேன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். என் துக்கத்தில் தானும் பங்கு கொள்வதாகச் சொன்னார். விதி அப்படி என்றார். அவர் சொன்னது ஆபீஸ் விதி.

கோலாலம்பூர் ஸ்டேஷனில், துறைமுகத்துக்குப் போகிற வண்டியில் முனியாண்டி அண்ணனும் அவர் மனைவியும் மூன்று பிள்ளைகளும் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"ஏண்ணே குனிஞ்சீங்க?"

"எங்க குனிஞ்சேன்? கல்லு குத்துச்சு. அதுக்குள்ள அவன் முந்திட்டான் லா" என்றார்.

"பொய் சொல்லாதீங்க. நான் பாத்தேன்."

அவர் மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு அதுவரை தெரியாது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் கடைசிப் பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். 

"எங்களுக்குப் போய் எறங்க ஒரு சித்தப்பன் வீடாவது இருக்கு தங்கச்சி. உங்களுக்கு யாரு இருக்கா?" என்றார். பிறகு, "பிள்ளைகிட்ட, உங்கப்பன் ஓடி ஜெயிச்சான்னு சொல்லு" என்றார். வண்டி நகர்ந்தது. அவர் மனைவி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நானாக இருந்தாலும் பார்த்திருக்க மாட்டேன்.

மகள் பிறந்து விவரம் தெரிந்ததும் நடந்ததை நடந்தபடிதான் சொன்னேன். முனியாண்டி அண்ணன் எந்த ஊருக்குப் போனார், அந்தச் சித்தப்பன் இருந்தாரா, பிழைத்தார்களா என்று எனக்குத் தெரியாது. கப்பலில் வந்து போகிறவர்களிடமெல்லாம் விசாரித்துப் பார்த்துவிட்டேன்.

தண்டவாளத்தில் நடக்கிற அந்த வேலைக்குப் புது ஆள் போட ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அதுவரை அந்த இடம் காலியாகத்தான் இருந்தது என்று அந்தோணி அண்ணன் சொன்னார்.